காற்றைக் கையில் பிடித்துக் கடலுக்கு மேல் செல்பவர்கள்: தாக்லாவும் விங் ஃபாயிலிங்கும்

கைபேசியில் அடிக்கடி வந்துபோகும் ஒரு காணொளியை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒருவர் இரண்டு கைகளிலும் வௌவால் சிறகு போன்ற ஒன்றைப் பிடித்திருக்கிறார். காலடியில் சிறிய பலகை. அந்தப் பலகை தண்ணீரைத் தொடவே இல்லை. ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. மோட்டார் இல்லை, இழுத்துச் செல்லும் படகும் இல்லை. "இது நிஜமா, கம்ப்யூட்டர் வேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நிஜம்தான். இந்த விளையாட்டின் பெயர் விங் ஃபாயிலிங்.

இந்த விளையாட்டுக்காக உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடிப்போகும் இடங்களில் ஒன்று, ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், சஹாராவும் அட்லாண்டிக் பெருங்கடலும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் தாக்லா. அங்கே வாழ்பவர்கள் முஸ்லிம்கள், பேசுவது அரபி. ஆனாலும் நம்மில் பலர் அந்த ஊரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. பலகை எப்படிப் பறக்கிறது, அங்கே காற்று ஏன் ஓய்வதில்லை, அதே காற்று ஏன் சிலரின் உயிரைக் கொண்டுபோகிறது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாக்லா எங்கே இருக்கிறது?

வரைபடத்தில் மொராக்கோவின் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கி வாருங்கள். அகாதிர் நகரைத் தாண்டியதும் பசுமை குறையும். அங்கிருந்து 1,100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் சாலையில் வந்தால்தான் தாக்லா. வழியில் உள்ள பெரிய நகரமான லாயூனிலிருந்தே 500 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஒரு பக்கம் கல்லும் மணலும், மறுபக்கம் கடல். கடக ரேகை இந்த ஊருக்குச் சற்றுத் தெற்கே செல்கிறது.

நிலத்திலிருந்து பிரிந்து சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்குத் தென்மேற்காகக் கடலுக்குள் நீளும் ஒல்லியான தீபகற்பம் ஒன்று உண்டு. ஒரு விரலை நிலத்துக்கு இணையாக நீட்டி வைத்தது போன்ற அமைப்பு. அந்த விரலின் நுனிப் பக்கத்தில்தான் ஊர் இருக்கிறது. விரலுக்கும் நிலத்துக்கும் நடுவே தெற்கு நோக்கித் திறந்த விரிகுடா. விரலின் வெளிப்பக்கத்தில் தடுப்பே இல்லாத அட்லாண்டிக். அங்கிருந்து நேர் மேற்கே போனால், பெருங்கடலை முழுவதும் கடந்து பஹாமாஸ் தீவுகளை நெருங்கும்வரை நிலம் என்பதே கிடையாது.

'அத்-தாகிலா' என்ற அரபிப் பெயருக்கு 'உள்ளே செல்வது', 'உள்ளே இருப்பது' என்று பொருள். கடலுக்குள் புகுந்து நிற்கும் நிலத்துக்குப் பொருத்தமான பெயர். இந்தப் பகுதியை 'வாதி அத்-தஹப்' என்றும் சொல்வார்கள். தங்க ஆறு என்று பொருள். 15ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த போர்த்துக்கீசியர்கள் இந்த விரிகுடாவை ஓர் ஆற்றின் முகத்துவாரம் என்று எண்ணி வைத்த பெயரின் அரபி வடிவம் இது. உண்மையில் அங்கே ஆறும் இல்லை, அந்த ஆற்றில் தங்கமும் இல்லை. இருந்தது காற்றும் மீனும்தான். இன்றைக்கு ஊரின் பிழைப்பு இந்த இரண்டையும் நம்பித்தான் நடக்கிறது.

காற்று ஏன் ஓய்வதில்லை?

அட்லாண்டிக்கின் நடுவே அசோர்ஸ் தீவுகளை ஒட்டிக் காற்றழுத்தம் மிகுந்த பகுதி ஒன்று ஆண்டின் பெரும்பகுதி நிலைகொண்டிருக்கும். பூமியின் வட பாதியில் இத்தகைய உயர் அழுத்தப் பகுதியைச் சுற்றிக் காற்று கடிகார முள் சுழலும் திசையில் வீசும். அதன் கிழக்கு ஓரம் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி அமைவதால், அங்கே காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் கரையோரமாகத் தெற்கு நோக்கி இறங்குகிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் வணிகக் காற்று என்று மாலுமிகள் அழைத்தது இதைத்தான்.

கோடையில் இன்னொன்றும் சேர்கிறது. சஹாராவின் தரை கொதிக்கிறது. அதன்மேல் உள்ள காற்று சூடாகி மேலெழுவதால் நிலத்தின் மேல் அழுத்தம் குறைகிறது. கடலில் உயர் அழுத்தம், நிலத்தில் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசம் கூடக்கூடக் காற்றும் வலுக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தாக்லாவில் காற்று நாள் தவறாமல் வீசுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. கரையோரமாக வீசும்போது, பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்மட்டக் கடல்நீரைக் கரையிலிருந்து விலக்கி வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆழ்கடலில் தங்கிய சத்துகளும் அதோடு வருவதால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்ன மத்தி மீன் கூட்டம் வருகிறது, மத்தியைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. உலகின் வளமான மீன்பிடிக் கடல்களில் இது ஒன்றாக இருப்பதன் இரகசியம் இதுதான். தாக்லாவின் கணவாய் வகைகளும் சிப்பிகளும் ஐரோப்பியச் சந்தைவரை போகின்றன. பாலைவனத்தின் விளிம்பில் இருந்தும் ஊரில் வெயில் கொளுத்தாமல் இருப்பதற்கும் இந்தக் குளிர்ந்த நீரே காரணம். கடலில் இறங்குபவர்கள் உடல் முழுவதையும் மூடும் ரப்பர் உடை அணிவதும் இதனால்தான்.

பலகை எப்படி மேலே எழுகிறது?

இந்த விளையாட்டின் கருவிகள் இரண்டு. ஒன்று கையில் இருக்கும் சிறகு. காற்றடைத்த குழாயும் உறுதியான துணியும் சேர்ந்தது. பரப்பு 2 முதல் 7 சதுர மீட்டர்வரை பல அளவுகளில் கிடைக்கும். இலேசான காற்றுக்குப் பெரியது, பலத்த காற்றுக்குச் சிறியது. மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிய ஒரு வார் மட்டுமே அதை உடலோடு இணைக்கிறது.

மற்றொன்று பலகை. அதன் அடியில் முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர்வரை நீளமுள்ள தண்டு இறங்குகிறது. தண்டின் நுனியில், தண்ணீருக்குள், சின்ன விமானம் ஒன்றை மாட்டி வைத்தது போன்ற பாகம் இருக்கும். முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சிறிய இறக்கை, நடுவே ஒரு குச்சி. இதைத்தான் ஃபாயில் என்கிறார்கள்.

ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே சாய்த்தால் கை தானாக மேலே தூக்கப்படுவதைச் சிறு வயதில் எல்லோரும் உணர்ந்திருப்போம். விமானம் எழுவதும் இதே விதியால்தான். தண்ணீருக்குள் இந்த விளைவு பல மடங்கு வலுவானது. ஏனெனில் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால்தான் நாளிதழ்ப் பக்கத்தில் பாதியோ முக்காலோ அளவுள்ள இறக்கையே, முழு வளர்ந்த ஓர் ஆளையும் அவருடைய பலகையையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறது.

வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். ஆகவே முதலில் சிறகைக் காற்றுக்குக் காட்டிப் பலகையை மெல்ல நகர்த்துகிறார்கள். மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகம் வந்ததும் பலகை தண்ணீரைவிட்டு எழுகிறது. எழுந்ததும் தண்ணீரின் உராய்வு சட்டென்று குறைந்துவிடுவதால் வேகம் இன்னும் கூடும். முன்காலில் பாரத்தைக் கூட்டினால் பலகை இறங்கும், பின்காலில் கூட்டினால் ஏறும். அதிகம் ஏறிவிட்டால் இறக்கையின் நுனி நீருக்கு வெளியே வந்து, காற்றை உள்ளிழுத்து, தூக்கும் விசை ஒரு நொடியில் அற்றுப்போகும். ஆள் தலைகுப்புற விழுவார். இந்த அளவைக் கால் தானாக அறிந்துகொள்ளும்வரை பழகுவதுதான் இந்த விளையாட்டின் முழுக் கல்வியும்.

நீரடி இறக்கை புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1906இல் இத்தாலியின் மாஜோரே ஏரியில் என்ரிக்கோ ஃபோர்லானினி இப்படி எழும் படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசியால் நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய படகு 1919இல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. கையில் பிடிக்கும் காற்றடைத்த சிறகு மட்டும் 2019ஐ ஒட்டித்தான் கடைகளுக்குப் பரவலாக வந்தது. அதற்குள் உலகப் போட்டித் தொடர்கள் தோன்றி, தாக்லாவிலும் போட்டிகள் நடந்துவிட்டன.

ஒரே காற்று, இரண்டு கடல்கள்

தாக்லாவின் சிறப்பு, ஒரே காற்றில் இரண்டு வகையான கடல் கிடைப்பது. விரிகுடாவின் உள்ளே, தீபகற்பம் அரணாக நிற்பதால் பெருங்கடல் அலை நுழைவதில்லை. காற்று மட்டும் தடையின்றி வரும். தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம்.

அங்கும் கவனிக்க வேண்டியது உண்டு. ஓதம் வற்றும்போது மணல்திட்டுகள் வெளியே தெரியும். வெண்மணற்குன்று என்று அழைக்கப்படும் பெரிய மணல்மேடு ஓதம் ஏறும்போது தீவாகவும் வற்றும்போது நடந்து போகும் இடமாகவும் மாறும். பலகைக்குக் கீழே ஒரு மீட்டர் தண்டு தொங்குகிறது என்பதை மறந்து ஆழமற்ற நீரில் வேகமாகப் போனால், தண்டு தரையில் குத்தி ஆள் முன்னே வீசப்படுவார். காற்றை மட்டும் பார்த்து, ஓதத்தின் நேரத்தைப் பார்க்காதவர் அங்கே பாதி ஏற்பாட்டோடுதான் கடலில் இறங்குகிறார்.

இந்த விரிகுடா 2005 முதல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் பாதுகாக்கப்பட வேண்டிய சதுப்பு நிலங்களின் பட்டியலில் உள்ளது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பறக்கும் கரைப்பறவைகள் வற்றிய மணல்திட்டில்தான் இரை பொறுக்கும். உலகில் அருகிப்போன அட்லாண்டிக் கூன்முதுகு ஓங்கில் வாழும் நீர்நிலைகளில் வடகோடியில் இருப்பதும் இதுதான். விடுதிகளும் பலகைகளும் பெருகப் பெருக, இவற்றுக்கு மிச்சமிருக்கும் அமைதியான இடம் சுருங்குகிறது.

வெளிப்பக்கம் முற்றிலும் வேறு. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எழும் புயல்கள் கிளப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, எந்தத் தீவும் தடுக்காமல் இந்தக் கரையில் வந்து உடைகின்றன. தேர்ந்தவர்கள் அந்த அலையின் மேட்டில் ஏறி, சிறகைத் தளர்த்திவிட்டு, அலையின் வேகத்திலேயே நீண்ட தூரம் சறுக்கி வருவார்கள். பார்க்கப் பேரழகு. ஆனால் தவறு செய்தால் மன்னிக்காத இடம்.

வெளிக்கடலில் உண்மையான ஆபத்து எது?

பெரிய அலையைத்தான் ஆபத்து என்று கரையில் நிற்பவர் நினைப்பார். பழகியவர்கள் அதைவிட அஞ்சுவது, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றை. அலை கரைக்குத் தள்ளும், அந்தக் காற்றோ கரையிலிருந்து பிரிக்கும். கரையோரம் நிலத்தின் மறைவில் தண்ணீர் அமைதியாகத் தெரிவதால் புதியவருக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. அரை கிலோமீட்டர் போன பிறகுதான் காற்றின் முழு பலமும் தெரியும்.

தாக்லாவின் வெளிப்பக்கத்தில் காற்று பெரும்பாலும் கரைக்கு இணையாகவும், சில நாட்களில் சற்றே கடல் பக்கம் சாய்ந்தும் வீசும். எல்லாம் சரியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சிறகு கிழிந்தாலோ, வார் அறுந்து பலகை கைவிட்டுப் போனாலோ கணக்கு மாறிவிடும். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து மணிக்கு 3 கிலோமீட்டர் அடித்துச் செல்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மணி நேரத்தில் 6 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது மிக அரிது. விரிகுடாவின் உள்ளே பயிற்சிப் பள்ளிகளின் மீட்புப் படகுகள் இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத வெளிக்கரையில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே இந்த விளையாட்டில் சில விதிகளை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

தனியாக இறங்கக் கூடாது. எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும்.

முதலில் காற்றை எதிர்த்துப் போய்ப் பார்க்க வேண்டும். நேராக எதிர்த்துப் போக எந்தப் பாய்க்கும் முடியாது. குறுக்கும் மறுக்குமாக வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். புறப்பட்ட இடத்துக்கு இப்படித் திரும்பி வரத் தெரியாதவர் வெளிக்கடலுக்கு இன்னும் தயாராகவில்லை.

ஃபாயிலின் விளிம்பு கத்தி போன்றது. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் கட்டாயம். விழும்போது பலகையைவிட்டு விலகி விழப் பழக வேண்டும்.

எது உடைந்தாலும் பலகையை மட்டும் விடவே கூடாது. அதுதான் மிதக்கும் நிலம். அதன்மேல் படுத்துக் கையால் துடுப்புப் போட வேண்டும். காற்றடைத்த சிறகும் மிதக்கும். அதன் வண்ணம் தூரத்திலிருந்து கண்ணில் படும் என்பதால் கரையை எட்ட முடியாதபோது அதையும் கைவிடக் கூடாது.

அதே காற்றில் போகும் மரப்படகுகள்

இந்தக் கரையைப் பற்றி எழுதும்போது விளையாட்டோடு நிறுத்திக்கொள்ள நம்மால் முடியவில்லை. ஏனெனில் இதே கரையிலிருந்தும், இதற்குத் தெற்கே மவுரித்தானியா, செனகல் கரைகளிலிருந்தும், இளைஞர்கள் மரப்படகுகளில் ஏறி ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளுக்குப் புறப்படுகிறார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் 46,000 பேருக்கும் மேல் அந்தத் தீவுகளில் கரையேறினார்கள். கரையேறாமல் போனவர்களின் சரியான கணக்கு எவரிடமும் இல்லை.

நாம் மேலே பார்த்த காற்றை இப்போது அந்தப் படகின் பக்கமிருந்து பாருங்கள். தீவுகள் வடக்கே இருக்கின்றன. காற்றும் நீரோட்டமும் வடக்கிலிருந்து வருகின்றன. அதாவது வழி முழுவதும் எதிர்க்காற்று. இயந்திரம் ஓடும்வரை படகு முன்னேறும். எரிபொருள் தீர்ந்தாலோ இயந்திரம் நின்றாலோ, காற்று அதைத் தென்மேற்கே திருப்பிப் பெருங்கடலின் நடுவே கொண்டுசெல்லும். அங்கிருந்து நீரோட்டம் மேற்கே, கரீபியன் பக்கம் இழுக்கும். கொலம்பஸ் காலத்துக் கப்பல்கள் விரும்பிப் பிடித்த அதே வழி, குடிநீர் இல்லாத படகுக்கு மரண வழி.

2021 மே மாதம் டொபாகோ தீவருகே ஒரு மரப்படகு மிதந்து வந்தது. உள்ளே 14 பேரின் உடல்கள். அந்தப் படகு ஜனவரியில் மவுரித்தானியாவிலிருந்து கேனரி தீவுகளுக்குப் புறப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. 2023 ஜூலையில் செனகலின் ஃபாஸ் போயே என்ற மீனவர் ஊரிலிருந்து 100 பேருக்கும் மேல் ஏறிய படகு, ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து கேப் வெர்டே தீவுகளுக்கு அருகே கண்டெடுக்கப்பட்டது. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 38 பேர். மீன் குறைந்துபோன கடலை விட்டு வேறு பிழைப்புத் தேடிப் போன மீனவர்கள் அவர்களில் இருந்தார்கள். கடலை நன்கு அறிந்தவர்களே அவர்கள். அறிவு குறைந்ததால் அல்ல, வேறு வழி அடைபட்டதால் ஏறியவர்கள்.

அவர்களின் ஊர்களில் இன்றும் ஒரு தாய், மகன் உயிரோடு இருக்கிறானா, ஜனாஸா தொழுகை நடத்தலாமா என்று தெரியாமல் காத்திருக்கிறாள். ஒரே காற்றை ஒருவர் விடுமுறைக் கட்டணம் கொடுத்துத் தேடி வருகிறார். இன்னொருவர் அதை எதிர்த்துப் போக இருந்த பணத்தையெல்லாம் கொடுக்கிறார். விளையாடுபவர் மீது இதில் குற்றம் இல்லை. ஆனால் அந்தக் கடலின் அழகைக் காணொளியில் பார்க்கும் நாம், அதன் மறுபக்கத்தையும் அறிந்திருப்பது கடமை.

அந்த மண்ணின் தீராத கேள்வி

தாக்லா யாருடையது என்ற கேள்வியும் அங்கே உண்டு. 1884 முதல் ஸ்பெயின் இந்தக் கரையைப் பிடித்து, ஊருக்கு வில்லா சிஸ்னெரோஸ் என்று பெயரிட்டு ஆண்டது. 1976இல் ஸ்பெயின் வெளியேறியபோது வடக்கை மொராக்கோவும் தாக்லா உள்ளிட்ட தெற்கை மவுரித்தானியாவும் எடுத்துக்கொண்டன. 1979இல் மவுரித்தானியா விலகியதும் தாக்லாவும் மொராக்கோவின் கைக்கு வந்தது. சுதந்திர நாடு கேட்கும் போலிசாரியோ அமைப்புக்கும் மொராக்கோவுக்கும் இடையிலான போர் 1991இல் ஐ.நா. மேற்பார்வையில் நிறுத்தப்பட்டது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்னது இன்றுவரை நடக்கவில்லை. 2020 நவம்பரில் போர் நிறுத்தமும் முறிந்தது.

மொராக்கோ இதைத் தன் தென் மாநிலம் என்கிறது. சாலை, துறைமுகம், விடுதி என்று பெருமளவு முதலீடும் செய்கிறது. ஐ.நா.வோ 1963 முதல் இதைத் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. போரின்போது வெளியேறிய ஸஹ்ராவி மக்கள் அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே அகதி முகாம்களில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். விரிகுடாக் கரையில் விடுமுறை கழிப்பவர் காணும் தாக்லாவைத் தங்கள் தாத்தா ஊராகக் கதையில் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். இரு தரப்பிலும் இருப்பவர்கள் முஸ்லிம்கள்தாம். சுற்றுலாவின் வருமானம் உள்ளூர்க் கைகளுக்கு எவ்வளவு சேர்கிறது என்பதும் இந்தக் கேள்வியின் ஒரு பகுதியே.

பெற்றோர் கேட்க வேண்டியவை

வெளிநாட்டில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளை இந்த விளையாட்டைக் கற்க விரும்பினால், "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிட வேண்டியதில்லை. உடலுக்கும் மனத்துக்கும் நல்ல பயிற்சிதான் இது. ஆனால் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கடலில் நீந்தத் தெரியுமா? முறையான பயிற்றுநர் உண்டா? மீட்புப் படகு உண்டா? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஓதம் எத்தனை மணிக்கு வற்றும் என்று பார்த்தாயா? கூட யார் இறங்குகிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் பிள்ளை கடலை மதிக்கக் கற்றுக்கொண்டவன். பதில் இல்லையென்றால், இன்னும் சில மாதம் அமைதியான நீரில் பழகட்டும். கடல் எங்கும் போய்விடாது. காற்று நாளையும் வீசும். பிள்ளை பத்திரமாக வீடு திரும்புவதுதான் முக்கியம்.